சமர்த்து

இப்பத்திரிகையின் ஆசிரியர் சீனக் கவிதை பற்றி ஏதாவது எழுதும்படி இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் சீனாவுக்குப் போய் வந்தவன் என்பதுதான் அவருக்குத் தெரிந்த தகுதி. போனது வாஸ்தவம். 2005 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை பதினாறு நாட்கள். ஒரு வரி கவிதை படிக்கவில்லை. பெருஞ்சுவரைப் பார்க்கவில்லை. பார்த்தது இரண்டு ஹோட்டல் அறைகள், நாலைந்து அரசாங்க அலுவலகங்கள், பதின்மூன்று மாதப் பெண் குழந்தையின் முதுகு. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. முதல் சில நாட்கள் அவள் எனக்குக் காட்டியது முதுகைத்தான். ஆகவே கவிதைக்குப் பதில் இது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. ஒஹையோவில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது. முதலில் சென்னையில் இருந்த ஒரு நிறுவனத்துக்குத்தான் விண்ணப்பித்தோம். இரண்டு வருஷம் எங்கள் ஃபைல் அங்கே இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சீனாவில் அந்த நாட்களில் காரியம் ஒரு ஒழுங்கில் நடந்துகொண்டிருந்தது. 1992இல் சுவீகாரச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து, வெளிநாட்டாருக்குக் குழந்தை கொடுப்பதைத் தபால் இலாகா நடத்துவது போல் நடத்தினார்கள். விண்ணப்பம் போகும், சில மாதங்களில் தபால் தலை அளவில் ஒரு புகைப்படம் வரும். 2005இல் அமெரிக்கர்கள் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் குழந்தைகளை அங்கிருந்து எடுத்துப் போனார்கள். அதுவே உச்சம். பெரும்பாலும் பெண்கள். 1980 வாக்கில் வந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையும், ஆண் பிள்ளை வேண்டும் என்ற அதைவிட ரொம்பப் பழைய ஆசையும் சேர்ந்து செய்த வேலை. பின்னதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“சீனக் குழந்தையா? மூக்கு எப்படி இருக்கும்?” என்று என் அம்மா தொலைபேசியில் கேட்டாள். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

நான்சாங் ஜியாங்சி மாகாணத்தின் தலைநகரம். கான் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. நாங்கள் போனபோது மூடாப்பு. ஒன்பது தம்பதிகள், எட்டு ஜோடி வெள்ளைக்காரர்களும் நாங்களும். ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஓரமாக நாற்காலிகள் போட்ட அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். குழந்தைகள் இல்லத்திலிருந்து வேனில் நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்துகொண்டிருந்தன. கையில் ஆளுக்கு மூவாயிரம் டாலர். நூறு டாலர் நோட்டு முப்பது, புதுசாக, மடிப்பு விழாமல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நன்கொடை என்று பெயர். எவ்வளவு என்பதை மட்டும் வாங்குகிறவர்கள் தீர்மானித்திருந்தார்கள். மடியாமல் இருக்கட்டுமென்று நான் அதைப் படிக்கக் கொண்டுபோயிருந்த ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்புக்குள் வைத்திருந்தேன். எந்தத் தொகுப்பு என்று சொன்னால் கவிஞர் வருத்தப்படுவார்.

பெயர் கூப்பிட்டார்கள். பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு முப்பது இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. நான் வீடியோ காமிராவின் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திரையில் முக்கியமாக விழ வேண்டியது குழந்தையும் என் மனைவியும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம். கைமாறுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. குழந்தைக்கு ஒன்றன் மேல் ஒன்றாக நாலு சட்டை போட்டிருந்தார்கள். கைகள் இரண்டு பக்கமும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. அறை முழுக்க அழுகை. ஒரு டெக்ஸாஸ்காரர் தன் கையில் துள்ளிய குழந்தையைத் தாங்கத் தெரியாமல் தானும் அழுதுகொண்டிருந்தார். எங்கள் குழந்தை அழவில்லை. காமிராவுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன்: “பார், எவ்வளவு சமர்த்து. அழவே இல்லை.”

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சமர்த்தன் என்றால் காரியம் செய்யத் திறமை உள்ளவன். பெரியவர்கள் விஷயத்தில் இப்போதும் அதுதான் அர்த்தம். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நாம் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். ஒன்றும் செய்யாத குழந்தை சமர்த்து. விழுங்கச் சொன்னதை விழுங்கி, வைத்த இடத்தில் இருக்கிற குழந்தை சமர்த்து. ஊசி போடும்போது டாக்டர்கூட இந்தச் சொல்லைத்தான் உபயோகிக்கிறார்.

அன்று சாயங்காலத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் ‘இணக்க காலம்’. மனசு மாறினால் திருப்பிக் கொடுக்கலாம். பெற்றோரின் மனசைத்தான் சொல்கிறார்கள். ஹோட்டல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் போட்டிருந்தது. அதில் விட்டதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு காலுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பால் புட்டியைக் காட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இல்லத்தில் பாலில் அரிசி மாவைக் கலந்து, நாம் கையில் தொட யோசிக்கிற சூட்டில், பெரிய துவாரம் போட்ட ரப்பரில் கொடுப்பார்கள் என்று வழிகாட்டிப் பெண் மறுநாள்தான் சொன்னாள். நாங்கள் கொண்டுபோயிருந்தது ஒஹையோ டாக்டர் சொன்ன டப்பாப் பால், வெதுவெதுப்பாக.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். சத்தம் இல்லை. “தூங்கறா, விளக்கைப் போடாதீங்க” என்றாள் மனைவி இருட்டிலிருந்து. தூங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மனைவியும் தூங்கவில்லை.

மறுநாள் பதிவு. எங்கள் கட்டைவிரல்களைச் சிவப்பு மையில் தோய்த்துப் பதித்தார்கள். குழந்தையின் பாதத்துக்கும் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குழந்தையைக் கைவிட மாட்டோம், துன்புறுத்த மாட்டோம் என்று வாக்குக் கேட்டார்கள். கொடுத்தோம். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்பவரோ. பெற்றவர்கள் யாரும் எந்த மேஜைக்கு முன்னாலும் இப்படி நின்று சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குத் திரும்பும் வரை அவள் பாத மடிப்பில் அந்தச் சிவப்பு இருந்தது. மனைவி நனைத்த துண்டால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் குழந்தை காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டிக் கொடுக்கவும் இல்லை.

தெருவில் இறங்கினால் பாட்டிகள் வளைத்துக்கொண்டார்கள். குழந்தைக்குக் குளிரும், இன்னும் ஒரு சட்டை போடு என்று அதட்டல். அவர்கள் சொன்னது புரியாவிட்டாலும் சொன்ன விதம் மாயவரத்தில் கேட்டதுதான். பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், குழந்தை முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி எங்களைப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போவது அவர்களுக்குப் பழகியிருந்தது. நாங்கள் எந்தக் கணக்கில் என்று விளங்கவில்லை. வழிகாட்டி ஏதோ சொல்வாள். அவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். ‘அதிர்ஷ்டசாலிக் குழந்தை என்கிறார்கள்’ என்று மொழிபெயர்ப்பாள். இந்த வாக்கியத்தை அந்தப் பதினாறு நாளில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். பின்னால் ஒஹையோவிலும் கேட்டேன். அதிர்ஷ்டசாலியின் முகம் அப்போதெல்லாம் என் மனைவியின் தோளுக்கு மேல், நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்றக் குழந்தைகள் அழுதன. டெக்ஸாஸ்காரரின் குழந்தை இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவருடைய மனைவி என் மனைவியிடம், “உங்கள் குழந்தை என்ன சாது!” என்றாள். நாங்கள் பெருமைப்பட்டோம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெருமைப்பட்டது நிஜம்.

இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழக சினிமா சங்கத்தில் ஒரு படம் போட்டார்கள். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் எடுத்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அவ்வளவுதான் கதை, கதையே இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைக் குழந்தையோடு தங்க விட மாட்டார்கள். முதலில் அழும், பிறகு அடங்கிவிடும், அடங்கினால் பழகிவிட்டது என்று நர்ஸுகளும் டாக்டர்களும் நம்பினார்கள். ராபர்ட்ஸன் கையில் பிடித்த சிறிய காமிராவில் அந்த அடங்கலைத்தான் எடுத்திருக்கிறார். அவரும் ஜான் பௌல்பியும் அதை மூன்று கட்டமாகச் சொன்னார்கள்: எதிர்ப்பு, நம்பிக்கை இழப்பு, ஒட்டாமல் விலகிவிடுவது. அழுகிற குழந்தை இன்னும் யாரோ வருவார்கள் என்று நினைக்கிறது. திரையில் அந்தக் குழந்தை அழாமல் இருக்க முகத்தை இறுக்கிக்கொண்டபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். டெக்ஸாஸ்காரரின் குழந்தை முதல் கட்டத்தில் இருந்தது. எங்களுடையது வேனிலேயே அதைத் தாண்டி வந்திருக்க வேண்டும். என் காமிராவுக்கும் ராபர்ட்ஸன் காமிராவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சாதனம் அநேகமாக ஒன்றேதான்.

நான்சாங்கில் மூன்றாவது ராத்திரி எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவர். ஏழு வயசில், வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து. ஹோமம் நடந்து, பெற்ற அப்பா தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்து, ஊரே சாப்பிட்டுப் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் பையனைத்தான் எடுப்பார்கள். பெண்ணைச் சுவீகாரம் எடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது 1956க்குப் பிறகுதான். கொள்ளி போடவும் சொத்து கைவிட்டுப் போகாமலிருக்கவும் ஒருவன் வேண்டும், வேறு என்ன? பாட்டி இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்: நாலாம் நாள் விடியற்காலையில் பையனைக் காணோம். வரப்பு வழியாகப் பழைய வீட்டுக்கே நடந்து போய்விட்டான். பெற்ற அம்மா வாசற்கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, ‘உங்க அம்மா அங்கே இருக்கா, போ’ என்றாளாம். திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அழவில்லை, அவ்வளவு சமர்த்து என்று பாட்டி முடிப்பாள். பெரியப்பா எழுபத்து நாலு வயது வரை இருந்தார். கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். தன்னுடைய பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சி யாரும் பார்த்ததில்லை. குறைந்தபட்சம் அவருக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கதவு இருந்தது என்று தொட்டிலைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹோட்டல் சாப்பாட்டு அறையில் அது நடந்தது. மேஜைமேல் ஒரு பெரிய பாத்திரம், அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு அட்டை: காஞ்ஜி. நம் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன கஞ்சி, சீனச் சோற்றுக் கூழுக்குப் பெயராகி உட்கார்ந்திருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனைவிக்கு இதை விளக்க ஆரம்பித்தேன். குழந்தை நாற்பது மணி நேரமாக உருப்படியாக ஒன்றும் சாப்பிடாத நிலையில் சொல்லாராய்ச்சி! அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுத வேண்டாம்.

ஒரு கிண்ணத்தில் கஞ்சி எடுத்து ஆற்றி அவள் கொடுத்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நான் கொடுத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போது தட்டு எடுக்க வந்த ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், குழந்தையைப் பார்த்து ஏதோ சொன்னாள். குழந்தையின் தலை சட்டென்று திரும்பியது. நாலு நாளில் அவள் தானாக எதையும் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் என் மனைவியின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி, “ச்சியா, ச்சியா” என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள். வாய் திறந்தது. கிண்ணம் முழுக்கக் காலியாகும் வரை மூடவில்லை. ஆவி பறக்கிற கஞ்சி. நாங்கள் ஆற்றியது தப்பு.

வழிகாட்டியிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவள் வேறு மாகாணத்துக்காரி. “தெரியவில்லை, இது இந்த ஊர்ப் பேச்சு” என்றாள். நான்சாங்கில் பேசுவது கான் மொழி. புத்தகச் சீனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது. கிளம்புமுன் ஆறு மாதம் நாங்கள் ஒலிநாடா போட்டுப் படித்த மாண்டரின் வாக்கியங்கள் — ‘நான் உன் அம்மா’, ‘பயப்படாதே’ — எல்லாம் அந்தக் குழந்தைக்கு எங்கள் தமிழைப் போலத்தான் ஒலித்திருக்க வேண்டும். பதின்மூன்று மாதக் குழந்தைக்கு மொழி இல்லை என்று எண்ணியிருந்தோம். பேச்சுதான் இல்லை, மொழி இருந்தது. அதைப் பேசுகிறவர்களிடமிருந்துதான் அவளை மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்கி வந்திருந்தோம்.

என் மனைவி அந்தப் பெண் தட்டுகளை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பொறாமையும் இருந்திருக்கும், எனக்கே இருந்தது. அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று “ச்சியா, ச்சியா” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கை எங்கே வைப்பது என்று பிடிபடவில்லை. சாயங்காலம் கொதிக்கிற கஞ்சியை அறைக்கே வரவழைத்து, தப்பு உச்சரிப்பில் சொல்லி நீட்டினாள். குழந்தை அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு ஒரு வாய் வாங்கிக்கொண்டது. விழுங்கிவிட்டு முதல் தடவையாக அழ ஆரம்பித்தது. ராத்திரி பதினொன்று வரை அழுதது. என் மனைவி தூக்கிக்கொண்டு நடந்தாள், நான் பாட்டுப் பாடினேன், பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். ஓயாத அழுகை. அந்த ராத்திரி எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சமர்த்தாக இருந்த குழந்தை கெட்டுப்போய்விட்டது என்றுகூட நினைத்தேன்.

குவாங்ஜோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. அமெரிக்க விசா அந்த ஊர்த் தூதரகத்தில்தான் கொடுப்பார்கள் என்பதால் எல்லாத் தம்பதிகளும் அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். பேர்ல் நதியில் ஷாமியன் என்ற திட்டு. முன்பு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வைத்துக்கொண்டிருந்த இடம். விழுது தொங்கும் மரங்கள், தள்ளுவண்டியைச் சும்மா கடன் கொடுக்கும் கடைகள், வெள்ளை அன்னம் என்ற பெயரில் பெரிய ஹோட்டல். அங்கே தங்குகிற தம்பதிகளுக்கு ஒரு பார்பி பொம்மை இனாம். மஞ்சள் முடி வெள்ளைக்காரப் பொம்மை, இடுப்பில் சீனக் குழந்தை. என் மனைவி அதைக் கையில் வாங்கி, தன் முழங்கையோடு வைத்துப் பார்த்து, ரொம்ப நேரம் சிரித்தாள். ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்கார்த்திப் படம் எடுப்பது வழக்கம். எங்களிடமும் அந்தப் படம் இருக்கிறது. ஒன்பது குழந்தைகளில் இரண்டு சரிந்து விழுகின்றன, நாலு அழுகின்றன. எங்களுடையதும் அழுகிறது.

தூதரகத்தில் எல்லோரும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். பிரிக்கக் கூடாத ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார்கள். அமெரிக்க விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொண்டு ஒரு அதிகாரி முத்திரை குத்தியதும், 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி, அவள் அந்த நிமிஷமே அமெரிக்கப் பிரஜையானாள். எங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்த காரியம்.

திரும்பி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, செய்தி வந்தது. ஜியாங்சிக்கு அடுத்த ஹுனான் மாகாணத்தில், ஹெங்யாங் வட்டாரத்து இல்லங்கள் சில, தரகர்களிடம் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கி வெளிநாட்டாருக்குச் சுவீகாரம் கொடுத்திருக்கின்றன. 2006இல் வழக்கு நடந்து பலர் சிறைக்குப் போனார்கள். எங்கள் ஃபைலில், குழந்தை ஒரு காலை நேரத்தில் ஒரு வாசலில் கண்டெடுக்கப்பட்டதாக ஒன்றரை வரி இருக்கிறது. அந்த ஒன்றரை வரியை நான் படித்த அளவுக்கு வேறு எந்த இலக்கியத்தையும் படித்ததில்லை. அது ஹுனான், நம்முடையது ஜியாங்சி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தேசப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

ச்சியா எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மூன்று வாரத்தில் குழந்தை அதற்குத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ‘மம்மு’வுக்குத் திரும்ப ஆரம்பித்தது. ஆனால் என் மனைவி விடவில்லை. இன்றைக்கும் சாப்பிடக் கூப்பிட அந்தச் சொல்தான், கும்பகோணத்து உச்சரிப்பில். வெகுகாலம் கழித்து நான்சாங்கிலிருந்து வந்த ஒரு மாணவர் விருந்துக்கு வந்தபோது அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ‘சாப்பிடு’தான், வேறொன்றும் இல்லை என்றார்.

ஏழு வயதில் பெண் ஒரு நாள், “அன்னிக்கு நான் அழுதேனா?” என்று கேட்டாள். “இல்லவே இல்லை, சமர்த்தா இருந்தே” என்றேன். அவளுக்குச் சந்தோஷம். வகுப்பில்கூடப் போய்ச் சொன்னாள்.

2024 செப்டம்பரில் சீன அரசு, உறவுமுறைக் குழந்தைகளைத் தவிர மற்றவர்களை வெளிநாட்டாருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் குழந்தைகள் போயிருக்கின்றன. பாதிக்கும் மேல் அமெரிக்காவுக்கு. அந்த வாரக் கடைசியில் பெண் கல்லூரியிலிருந்து வந்தாள். செய்தியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த ஒலிஒளி நாடா எங்கே என்று கேட்டாள். காமிரா செத்து வெகு நாளாகியிருந்தது. ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிக் கூடத்தில் போட்டோம்.

நான் அதைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கவில்லை. திரையில் என் மனைவியின் கைகள் நீள்கின்றன. குழந்தை கைமாறுகிறது. ஓரத்தில் பழுப்பு ஸ்வெட்டர். தோளிலிருந்து கீழேதான் தெரிகிறது. அந்தக் கை திரும்பி வந்து குழந்தையின் காலரைச் சரி செய்கிறது. போகிறது. மறுபடி வந்து இன்னொரு தடவை சரி செய்கிறது. பிறகு இல்லை. குழந்தையின் தலை மெதுவாக வலது பக்கம் திரும்புகிறது, அங்கேதான் கதவு. அப்படியே நிற்கிறது. பின்னால் என் குரல்: பார், எவ்வளவு சமர்த்து. என் குரல் இவ்வளவு உரக்கவா இருந்தது!

பெண் நிறுத்தினாள். “அப்பா, நீங்க எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?” என்றாள்.

“உன்னைத்தான்” என்றேன்.

அவள் பின்னுக்கு ஓட்டி, அந்தக் கை காலரைத் தொடுகிற இடத்தில் மறுபடி நிறுத்தினாள். திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். மணிக்கட்டில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. அது இருந்ததே எனக்குத் தெரியாது. சமையலறையிலிருந்து மனைவி ச்சியா என்று கூப்பிட்டாள். பெண் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஓட்டினாள்.